கரடி உள்ள மலையில் முதல் டிரவுட்: காட்பாடியிலிருந்து தீர்த்தன் வரை

குடியாத்தம் தம்பியின் கேள்வி, ஆகஸ்ட் 14

அண்ணா, நாங்கள் நாலு பேர். மோர்தானா அணையில் ஜிலேபி மீன் பிடித்தே வளர்ந்தவர்கள். நவம்பர் முதல் வாரம் இமாச்சலில் தீர்த்தன் ஆற்றுக்குப் போய் டிரவுட் என்கிற குளிர்நீர் மீன் பிடிக்கலாம் என்று இருக்கிறோம். ஆற்றோரம் டென்ட் போட்டு மூன்று ராத்திரி. அந்த மலையில் கரடி இருக்கிறதாம், வீட்டில் பயப்படுகிறார்கள். எனக்குப் பயமில்லை. மிளகாய்ப் பொடி ஒரு பாக்கெட், பட்டாசு ஒரு கட்டு எடுத்துப் போனால் போதும் என்று நினைக்கிறேன். தூண்டில் எந்த மாதிரி வாங்கணும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 14, இரவு

நவம்பர் என்றால் தூண்டிலே வாங்க வேண்டாம். இமாச்சலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கத் தடை. பழுப்பு டிரவுட் முட்டையிடும் காலம் அது. ஆற்றை வேடிக்கை பார்த்துவிட்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

ஜூலை, ஆகஸ்டும் ஆகாது. மழை, கலங்கல், மண்சரிவு. 2023 ஜூலை வெள்ளத்தில், தீர்த்தனுக்குப் போகிற வழியில், ஔட்டிலிருந்து பஞ்சார் போகிற பழைய பாலத்தையே பியாஸ் ஆறு அடித்துக்கொண்டு போனது. மிச்சம் இருப்பது மார்ச்சிலிருந்து ஜூன் நடுவரை, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும் வரை. உங்களுக்கு அக்டோபர்தான் வழி.

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் புக்கிங் திறக்கிறார்கள். ஆக இந்த வாரமே உட்கார்ந்து பாருங்கள். கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று நேராக டெல்லி போகிறது. சென்னை போய் ஏறுகிற வேலை இல்லை.

பட்டாசை ரயிலில் ஏற்றினால் கரடிக்கு முன்னால் ரயில்வே போலீஸ் பிடிக்கும். மற்றது நாளைக்கு.

ஆகஸ்ட் 15

லீவு நாள், கடை இல்லை, கொஞ்சம் விரிவாக.

மிளகாய்ப் பொடி பேச்சை முதலில் முடிக்கிறேன். ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று சும்மா இருக்காது. கரடி பக்கம் வீசின பொடி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். கண் எரிந்துகொண்டு, வழுக்குப் பாறை மேல், கரடிக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கிற கரடி ஸ்ப்ரே வேறு சமாச்சாரம். அது ஏழெட்டு மீட்டர் பீய்ச்சும். விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். நம்மூர் மருந்துக்கடையில் பெண்கள் கைப்பையில் வைக்க விற்கிற குட்டி ஸ்ப்ரேயை அதோடு சேர்க்காதீர்கள்.

தீர்த்தனுக்கு மேலே இருப்பது கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா. 2014ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காடுகளில் இரண்டு வகைக் கரடி. மரம் முடிகிற உயரத்துக்கு மேலே பழுப்புக் கரடி, அதை நீங்கள் பார்க்கப்போவதில்லை. கீழே, ஊர்களை ஒட்டி, இமயமலைக் கறுப்புக் கரடி. நெஞ்சில் வெளிர் நிறத்தில் பிறை மாதிரி ஒரு குறி இருக்கும். குளிர்காலம் வருவதற்கு முன்னால் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள, செப்டம்பர் முதல் நவம்பர் வரை பகலும் இரவும் தின்றுகொண்டே இருக்கும். மக்காச்சோளம், வால்நட், ஓக் மரத்துக் கொட்டை, தோட்டத்தில் விட்டுப்போன ஆப்பிள். நீங்கள் போகிற மாதமும் அதேதான்.

அதற்காகப் போகாதே என்று சொல்லவில்லை. எந்த நேரத்தில் ஆற்றில் இருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

ஆகஸ்ட் 15, மறுபடி

மேலே அவசரமாக நிறுத்திவிட்டேன், பிரியாணி வந்துவிட்டது.

கரடி நடமாட்டம் விடியலிலும் அந்தியிலும் அதிகம். தூண்டில்காரனுக்கும் அதே நேரம்தான் பிடிக்கும். மோர்தானாவில் நீங்கள் ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். மே மாத வெயிலில் அது சரி. அக்டோபர் தீர்த்தனில் அந்த வழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். காலையில் தண்ணீர் உறைகிற மாதிரி இருக்கும். மீன் கல்லுக்கு அடியில் அசையாமல் கிடக்கும், வாயைத் திறக்காது. வெயில் பள்ளத்தாக்கில் இறங்கி, தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால்தான் பூச்சி பறக்கும், மீன் எழும்பும். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நல்ல வேட்டை. ஒன்பதுக்குக் கிளம்பி, நாலுக்கு வீடு திரும்பினால் கரடி நேரத்தில் ஆற்றில் ஆள் இல்லை. மீனிலும் பெரிதாக நஷ்டம் இல்லை.

மே மாதம் போனால் இந்தக் கணக்கு மாறும். அப்போது அந்திதான் ருசி. முதல் பயணத்துக்கு அக்டோபரே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகஸ்ட் 19

"ஊட்டி இருக்கும்போது எதற்கு இரண்டு ராத்திரி ரயில்?" என்று ஆற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. நீலகிரியில் டிரவுட் உண்டு. 1860களில் பிரான்சிஸ் டே என்ற பட்டாள மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயற்சி செய்தார், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் பிடித்துக்கொண்டது. தீர்த்தன் இருக்கிற குலு மாவட்டத்தில் பழுப்பு டிரவுட் விட்டதும் 1909ல், காஷ்மீரிலிருந்து முட்டை கொண்டுபோய். ஆக வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

ஆனால் இன்றைக்கு அவலாஞ்சிக்குள் வனத்துறை வண்டியில் ஏறி, இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கி, படம் எடுத்துவிட்டுத் திரும்பலாம். அதைத் தாண்டி நம் இஷ்டத்துக்குத் தூண்டில் தடியோடு ஆற்றில் இறங்க முடியாது. ஊட்டிக்கே இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே மாதத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை போகிறவனுக்கு, உரிமம் வாங்கினால் நாள் முழுக்க நின்று பழகலாம் என்கிற ஆறு வேண்டும். தீர்த்தன் அதற்குத் தோது.

கரடிக்காக ஊட்டி மேல் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டத்துக்காரர்களைக் கேளுங்கள். கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற கரடி அங்கே சாதாரணம்.

ஆகஸ்ட் 24

கரடி பற்றி நான் கற்றது இமாச்சலில் இல்லை, ஜவ்வாது மலையில். அதைச் சொல்லாமல் மேலே போனால் நன்றாக இருக்காது.

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பெரியவரோடு காட்டுப் பாதையில் நடந்தேன். மனிதர் பேசிக்கொண்டே வந்தார். என்னிடம் இல்லை, பொதுவாக. திருப்பம் வந்தால் ஒரு கனைப்பு. புதர் நெருக்கமானால் "ஏய், யாருடா அங்க" என்று ஒரு அதட்டல். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு கறையான் புற்றைக் காட்டினார். அடியில் முழங்கை போகிற அளவுக்குக் குழி. தோண்டின மண் இன்னும் ஈரமாக இருந்தது, மேல் ஓரத்தில் நாலைந்து நகக் கோடுகள் இழுத்துவிட்ட மாதிரி. பக்கத்தில் சாணம், முழுக்க நாவல் கொட்டை. உடைந்த புற்றுச் சுவரில் கறையான்கள் அப்போதும் அலைந்துகொண்டிருந்தன. "இப்பதான் போயிருக்கு" என்றார், ரொம்பச் சாதாரணமாக. அப்புறம் நானும் பேசிக்கொண்டே நடந்தேன்.

நம் ஊர்க் கரடி தின்ன ஆரம்பித்தால் தலையைக் குழிக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும். நாம் வருவது காதில் விழாது. பத்தடியில் திடீரென்று பார்த்தால் பயத்தில் பாயும். இங்கே நடக்கிற தாக்குதல் பெரும்பாலும் இப்படித்தான். தீர்த்தனில் இனம் வேறு, ஆனால் சங்கதி அதேதான். திடுக்கிட வைக்காதே.

ஆகஸ்ட் 24, இரவு

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காட்டுப் பாதையில் கனைத்தால் கேட்கும். மலை ஆற்றோரம் கேட்காது. தீர்த்தன் பாறைக்குப் பாறை விழுந்து ஓடுகிற ஆறு. பக்கத்தில் நிற்கிறவனிடமே கத்தித்தான் பேச வேண்டும். பையில் மணி கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த இரைச்சலில் அவர்களுக்கே கேட்காது. அதனால் கண்ணை நம்புங்கள். ஆற்றின் வளைவில் திரும்பும் முன் நின்று அடுத்த நீட்டத்தை முழுக்கப் பாருங்கள். கரையோரப் புதரை ஒட்டி நடக்காமல் கல் வெளியில் நடங்கள். ஆற்றைவிட்டுப் பாதைக்கு ஏறும்போது கையைத் தட்டி, குரல் கொடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

காற்றும் உதவும். வெயில் ஏறினபின் காற்று பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே வீசும். நீங்கள் ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நடந்தால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போகும். கரடிக்கு மூக்குதான் எல்லாம், விலகிவிடும். டிரவுட்டுக்கும் அதே திசைதான் சரி. மீன் எப்போதும் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும், பின்னாலிருந்து வருகிறவனைப் பார்க்காது. வீசுகிற தூண்டிலுக்கும் காற்று முதுகில் இருக்கும். வெயில் சாய்ந்தால் காற்று திரும்பி மேலிருந்து கீழே இறங்க ஆரம்பிக்கும். நாலு மணிக்குக் கிளம்பு என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஆகஸ்ட் 31

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். டிக்கெட் போட்டாச்சு, அக்டோபர் நடுவில். விஜயதசமி வாரத்தைத் தவிர்த்தது நல்லது. மற்ற இடங்களில் தசரா முடிகிற நாளில்தான் குலுவில் ஆரம்பிக்கிறது, ஒரு வாரம். மலைக் கிராமத்து சாமிகள் எல்லாம் பல்லக்கில் இறங்கி வரும். பஸ்ஸில் இடம் கிடைக்காது.

டெல்லியிலிருந்து மணாலி போகிற ராத்திரி பஸ்ஸில் ஏறி, ஔட் சுரங்கம் பக்கம் இறங்குங்கள். தூங்கிவிட்டால் குலு போய்விடுவீர்கள். கண்டக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஔட்டிலிருந்து பஞ்சார், அங்கிருந்து குஷைனி, உள்ளூர் பஸ்ஸோ ஜீப்போ. குஷைனி சுமார் 1,500 மீட்டர் உயரம். நம் ஏலகிரியே 1,100 மீட்டர்தான். அக்டோபர் ராத்திரியில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். வேலூர்க்காரன் உடம்பு அதற்குப் பழகினதில்லை. கம்பளி பனியன் இரண்டு வையுங்கள்.

செப்டம்பர் 3

தூண்டில். கேட்டது இதைத்தான், மூன்று வாரமாகச் சொல்லாமலே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மோர்தானாவில் பிடிப்பது தக்கை கட்டி, நாக்குப்பூச்சி குத்தி, உட்கார்ந்து காத்திருப்பது. இங்கே நடக்கணும். ஆறு அல்லது ஆறரை அடி லேசான ஸ்பின்னிங் தடி, 2000 அளவு ரீல், ஆறு பவுண்டு தங்கூஸ். அதற்கு மேல் தடிமன் வேண்டாம், கண்ணாடி மாதிரித் தண்ணீர், மீன் பார்த்துவிடும். தூண்டில் முனைக்கு ஸ்பின்னர், அதாவது இழுத்தால் சுழலுகிற சின்னத் தகடு. ஒன்று, இரண்டாம் நம்பர் போதும். வெள்ளி, தங்கம், கறுப்பில் மஞ்சள் புள்ளி. ஒவ்வொன்றிலும் இரண்டு, ஒன்று கட்டாயம் பாறையில் மாட்டி அறுந்து போகும்.

பூச்சித் தூண்டில் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இறகுக் கொக்கியைச் சாட்டை மாதிரி வீசுகிற கலை மூன்று நாளில் வராது. காதில் குத்திக்கொள்வீர்கள்.

முக்கொக்கியாக இருந்தால் வெட்டி ஒற்றைக் கொக்கி ஆக்குங்கள். கொக்கியின் உள்பக்கத்து எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். அங்கே மாட்டுவதில் பாதி சாண் நீளக் குட்டிகளாக இருக்கும், விடத்தான் வேண்டும். புழு போட்டால் தொண்டை வரை விழுங்கிவிடும், விட்டாலும் பிழைக்காது.

எங்கே வீசுவது? ஆற்றின் நடுவில் வேகமாக ஓடுகிற தண்ணீரில் இல்லை. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்கிற மடுவு, வெள்ளை நுரையும் பச்சைத் தண்ணீரும் உரசுகிற கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே வீசி, ஓட்டத்தோடு கீழே கொண்டுவந்தபடி சுற்றுங்கள். இரண்டு வீச்சில் எடுக்கவில்லை என்றால் அடுத்த பாறை. நின்ற இடத்திலேயே நிற்கிற பழக்கம் ஏரிக்காரனுடையது.

செப்டம்பர் 4

உரிமத்தை விட்டுவிட்டேன். மீன்வளத்துறை நாள் கணக்கில் தருகிறது. தங்குகிற வீட்டுக்காரரே வாங்கித் தருவார். ஆளுக்கு ஒன்று. நாலு பேருக்கு ஒரு சீட்டு என்று நம்மூர்க் கணக்கு போடாதீர்கள். எத்தனை மீன், எந்த அளவு என்று சீட்டிலேயே இருக்கும், படியுங்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள் தடியே கூடாது. மேலே ரோல்லா வரை நடந்து பார்க்க ஆசை இருந்தால் அதற்கு வேறு அனுமதி, தடியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

செப்டம்பர் 10

டென்ட் பற்றி.

என் மனைவியின் தாய்மாமா கம்மவான்பேட்டைக்காரர். அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் இருந்தவர்கள். அவர் வடக்கே மலைகளில் ரொம்ப வருடம் இருந்தவர். இந்தக் கேள்வி பதில் இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். டென்ட் என்றதும் சிரித்தார். "மாப்ள, கரடி எங்க போஸ்ட்டுக்கு வந்ததெல்லாம் எங்களப் பார்க்கவா? லங்கர், அதான் சமையல் கூடம், அதோட குப்பைக் குழிக்கு வந்துச்சு. நாங்க குழிய தூரமா மாத்தினதும் அதுவும் தூரமா போயிடுச்சு."

ஆகவே முதல் பயணத்தில் டென்ட் வேண்டாம் என்பது என் கட்சி. குஷைனி பக்கம் ஆற்றங்கரையிலேயே தங்கும் வீடுகள் இருக்கின்றன. கேட்க மாட்டோம், ஒரு ராத்திரியாவது டென்ட் என்றால் சமையல் டென்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளி. மீன் கழுவின தண்ணீர், குடல், செதில் எதுவும் அருகில் கூடாது. மீன் பிடித்த சட்டையோடு உள்ளே படுக்கக்கூடாது. அதைப் பையில் கட்டித் தூரத்தில் மரத்தில் தொங்கவிடுங்கள். ராத்திரிக்கு முறுக்கு பாக்கெட்டைத் தலைமாட்டில் வைக்கிற ஆள் உங்கள் நாலு பேரில் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்யுங்கள்.

செப்டம்பர் 11

"நெத்திலிக் கருவாடு எடுத்துப் போகலாமா அண்ணா, அங்கே சாப்பாடு ஒத்துக்காது" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி. கரடிக்கு இதைவிடப் பெரிய அழைப்பிதழ் அடிக்க முடியாது. கரடி இருக்கட்டும், கேரளா எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் இரண்டு ராத்திரி கருவாட்டோடு போனால் நாக்பூர் தாண்டுவதற்குள் சக பயணிகளே உங்களை இறக்கிவிடுவார்கள். புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள். அங்கே ராஜ்மாவும் சோறும் எங்கும் கிடைக்கும்.

செப்டம்பர் 16

கரடி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

ஓடாதீர்கள், உங்களைவிட அது வேகம். மரமும் ஏறாதீர்கள், அது உங்களைவிட நன்றாக ஏறும். கூட்டமாகச் சேர்ந்து நின்று, முகத்தைத் திருப்பாமல், மெதுவாகப் பின்னால் நகருங்கள். குட்டி தெரிந்தால் அதற்கும் தாய்க்கும் நடுவில் போகாமல் பாருங்கள். பெரும்பாலும் அதுவே திரும்பிவிடும்.

அப்புறம் ஒரு திருத்தம், என்னுடையதில்லை, இணையத்தில் சுற்றுவதற்கு. "கறுப்புக் கரடி என்றால் எதிர்த்து அடி" என்று ஒருவர் ஒட்டியிருக்கிறார். அது அமெரிக்கக் கறுப்புக் கரடிக்கு எழுதினது. இமயமலையில் இருப்பது ஆசியக் கறுப்புக் கரடி, வேறு இனம். ஜப்பானிலும் இதே இனம்தான் இருக்கிறது. அங்கே சொல்லித்தருவது, மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் பிடரியையும் தலையையும் மூடிக்கொள் என்று. இந்தக் கரடி முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். முதுகுப் பையைக் கழற்றாமல் வைத்திருந்தால் அது ஒரு கவசம்.

நாய் பற்றி ஒன்று. தங்குகிற வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே ஆற்றுக்கு வரும். பாசமாக இருக்கும். அது காட்டுக்குள் குரைத்துக்கொண்டு ஓடி, கரடியைக் கிளப்பி, திரும்ப உங்கள் காலடிக்கே ஓடிவரும். கரடியும் பின்னாலேயே வரும். பிஸ்கட் கொடுத்துப் பழக்காதீர்கள்.

செப்டம்பர் 17

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில், ஒரு மாதமாகக் கரடியையே பேசுகிறோம், ஆற்றைப் பற்றி நாலு வரிகூட இல்லை என்று பட்டது.

நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஔட்டுக்குப் பக்கத்தில் தலௌட் என்று ஒரு இடம். 2014 ஜூன் 8 அன்று ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தார்கள். 24 மாணவர்கள் போய்விட்டார்கள். அந்த வீடியோவை ஒரு தடவை பார்த்தவன் மறக்க மாட்டான். தண்ணீர் ஏறுவதற்கு நிமிஷக் கணக்குதான். காலையில் கைகால் கழுவ என்று அங்கே பியாஸில் இறங்காதீர்கள்.

தீர்த்தனில் மேலே அணை இல்லை, அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் மின்திட்டமே வேண்டாம் என்று போராடித் தடுத்த ஆறு அது. ஆனாலும் நம்மவர்களுக்கு ஓடுகிற தண்ணீர் பழக்கமில்லை. பாலாற்றில் 2021 நவம்பரில் கரை புரண்டு வந்ததை வேடிக்கை பார்த்தோம், அவ்வளவுதான். மற்ற வருடம் மணல்தான், அதுவும் மிச்சமில்லை. நாமெல்லாம் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்கள். கிணற்றில் தண்ணீர் உன்னை இழுக்காது. தீர்த்தனில் முழங்காலுக்கு மேல் ஏறினால் காலைத் தட்டிவிடும். குளிரில் பத்து நிமிஷத்தில் பாதம் மரத்துப்போய், கல் எங்கே என்று தெரியாது. முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள். செருப்பு வேண்டாம், அடியில் நல்ல பிடி உள்ள பழைய ஷூ. ஆற்றைக் கடக்கப் பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே நடந்து போய்க் கடங்கள். அக்கரைப் பாறையில் இருக்கிற மடுவு எப்போதும் இக்கரையைவிட அழகாகத் தெரியும், எனக்கும்தான்.

தண்ணீர் பாதுகாப்பை முதல் குறிப்பாகப் போட்டிருக்கலாமே என்று இப்போது ஒருவர் கேட்பார். கரடி இல்லாமல் இந்த இழையை யார் படித்திருப்பார்கள்?

செப்டம்பர் 27

தம்பி மொட்டை மாடியில் பக்கெட் வைத்து வீசிப் பழகுகிறாராம். பக்கத்து வீட்டுத் துணிக்கொடி மாட்டியதாம். நல்ல பயிற்சி, அங்கே தேவதாரு மரக்கிளை இருக்கும்.

மீனை எப்படிப் பிடிப்பது என்று எழுதிவிடுகிறேன், மறந்துபோகும் முன். மாட்டியதும் தூக்கிப் பாறையில் போடாதீர்கள். தண்ணீரிலேயே வைத்து, கையை நனைத்த பிறகு தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பழுப்பு டிரவுட் கையில் வந்தால் ஒரு விநாடி பாருங்கள். வெண்ணெய் நிறத்து வயிறு, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறின வளையம். வானவில் வகைக்கு வால் முழுக்கக் கறுப்புப் பொட்டு, நடுவில் ரோஜா நிறப் பட்டை. கொக்கியைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகக் காட்டி லேசாகப் பிடித்திருந்தால், செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடும். அப்புறம் வால் ஒரு உதறு உதறும், உள்ளங்கையில் குளிர்ச்சிதான் மிச்சம்.

அக்டோபர் கடைசியில் ஆழமில்லாத இடத்தில் கூழாங்கல் பாசி நீங்கிப் பளிச்சென்று ஒரு பாய் அகலத்துக்குத் தெரிந்தால் மிதிக்காதீர்கள். மீன் முட்டையிட வாலால் பெருக்கின இடம் அது.

அக்டோபர் 9

கடைசி நேரக் கேள்விகள், சுருக்கமாக.

தடியை பி.வி.சி. குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி. பிளம்பிங் கடையில் அறுத்துத் தருவார்கள். லோயர் பெர்த் அடியில் போகும்.

போன் சிக்னல் ஆற்றுப் பக்கம் வரும், போகும். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மக்காச்சோளக் கொல்லை வழியாகக் குறுக்கே போகாதீர்கள், அந்தியில் சுத்தமாக வேண்டாம். ராத்திரியில் ஊர்க்காரர்கள் தகரம் தட்டிக் கூச்சல் போடுவது கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, பயிர்க் காவல். நம் ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லைக்குப் பன்றி விரட்டுவார்களே, அதே வேலை.

இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒரு கிலோ வீட்டுக்காரருக்கு எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக. ஆனால் நீங்களே சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்குக் கைவராது.

அக்டோபர் 26

திரும்பி வந்துவிட்டார்கள். தம்பியின் தகவல் அப்படியே: நாலு பேருக்கும் சேர்த்து நிறைய மாட்டியது, பாதிக்கு மேல் குட்டி, விட்டாச்சு. வைத்துக்கொண்டதை வீட்டு அம்மா கடுகெண்ணெயில் பொரித்துக் கொடுத்தார். கரடி பார்க்கவில்லை. ஒருநாள் பாதையில் சாணம் மட்டும், முழுக்க மக்காச்சோளம். டென்ட் போடவே இல்லை, முதல் ராத்திரிக் குளிரிலேயே அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அப்புறம் ஒரு வரி: "பெரிய மீன் மட்டும் நீங்கள் சொன்ன நேரத்தில் வரவில்லை அண்ணா, சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அடித்தது."

பத்து மணி முதல் மூன்று வரை என்ற என் கணக்கு குட்டிகளுக்கும் நடுத்தர மீனுக்கும் சரி. வயதான பழுப்பு டிரவுட் வெளிச்சம் மங்கினால்தான் பாறையைவிட்டு வெளியே வரும், அது எந்த மாதத்திலும் மாறாது. அதை எழுதாமல் விட்டது தெரிந்துதான். எழுதியிருந்தால் நாலு பேரும் மூன்று நாளும் இருட்டும் வரை நின்றிருப்பீர்கள். ஆனால் தம்பி, ஐந்தரைக்கு நீ ஏன் ஆற்றில் இருந்தாய்? வீட்டுக்கு எவ்வளவு தூரம்? யாரெல்லாம் கூட இருந்தார்கள்?

எந்த ஸ்பின்னர் என்றும் சொல். கறுப்பில் மஞ்சள் புள்ளியா?

அக்டோபர் 27

கறுப்பில் மஞ்சள் புள்ளிதானாம். வீட்டு வாசலிலிருந்து கல்லெறி தூரம், நாலு பேரும் சேர்ந்து நின்றார்கள், வீட்டுக்காரரும் கூட நின்றார். அப்படியென்றால் சரி.

ஏப்ரலில் இமாச்சலிலேயே பரோட் பக்கம் ஊல் ஆற்றுக்குப் போகலாமா என்று ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போகலாம், ஆனால் அது பனி உருகுகிற காலம். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறிக் கலங்கும். மேலே எழுதின நேரக் கணக்கு எதுவும் அங்கே செல்லாது. கேள்வியைத் தனியாகப் போடுங்கள், இதிலேயே தொங்கவிட்டால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் குழம்பிவிடுவார்கள்.